ஆற்று மீனைக் கணக்கெடுத்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவி)

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆற்றில் போடுவதை அளப்பது இருக்கட்டும். ஆற்றில் இருப்பதை அளந்தவர் யார்? எந்த மாதத்தில் எந்த மீன் மேலேறி வருகிறது, எவ்வளவு பிடிபடுகிறது, சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடியதா குறைந்ததா என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் வேலை ஒன்று உலகில் உண்டு. மேலைநாடுகளில் சால்மன் ஏறிவரும் ஆறுகளில் அதற்கென்றே மீன்வள அறிஞர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் அந்த வேலைக்கு அடிகோலியவர் சென்னை மாகாணத்துப் படை மருத்துவர் ஒருவர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

சென்னையில் வளர்ந்த நமக்கு இந்தப் பெயர் புதிதன்று. 1639இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரும் பிரான்சிஸ் டேதான். நான் சொல்ல வந்தவர் அவரல்லர். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னால் பிறந்தவர். கோட்டைக்காரரை ஊரறியும். மீன்காரரை விலங்கியல் மாணவர்களாகிய நாமே சரியாக அறியவில்லை.

நான் இவரைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடு கீழ்க்கட்டளையில். அப்பா கொத்து வேலை செய்பவர். ஆயா பல ஆண்டுகள் கூடையில் மீன் சுமந்து விற்றவர். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கேட்ட பாடம் வேறு, கிடைத்தது விலங்கியல். மீனையும் தவளையையும் படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று உறவினர்கள் கேட்டபோது எனக்கு மறுமொழி இல்லை. அதைவிட வெட்கப்பட வேண்டியது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயா மீன் விற்றவர் என்பதை முதலாண்டு முழுவதும் வகுப்பில் எவரிடமும் நான் சொல்லவில்லை.

செய்முறை வகுப்பில் மீன்களை வரைந்து பெயரெழுதும்போது, அறிவியல் பெயரின் ஓரத்தில் ஓர் ஆளின் பெயரும் வரும். விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் பக்கத்தில் பிளாக் என்றிருக்கும். ரோகுவுக்குப் பக்கத்தில் ஹாமில்டன் என்றிருக்கும். அவற்றுக்கு முதலில் அறிவியல் பெயரிட்டவர்கள் அவர்கள். வேறு பல தென்னாட்டு மீன்களின் ஓரத்தில் டே என்ற சிறிய பெயர் இருந்தது. இவர் யார் என்று கேட்டேன். பேராசிரியர் நூலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1852இல் சென்னைப் படையில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது இரண்டாம் பர்மியப் போர் நடந்துகொண்டிருந்தது. இளம் மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். பின்னர் மைசூர், ஐதராபாத் என்று பல இடங்களில் பணிபுரிந்து கொச்சிக்கு வந்து சேர்ந்தார்.

கொச்சிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பக்கத்தில் கடல், பின்னால் காயல், அதற்கும் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஆறுகள். மூன்று நீரின் மீன்களும் ஒரே ஊரில் கிடைக்கும். 1863இல் கொச்சி நாட்டின் வரலாற்றையும் வாழ்க்கையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1865இல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்று கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள், பக்கவாட்டில் சிவப்பும் கறுப்புமாகக் கோடிட்டு நீந்தும் மிஸ் கேரளா என்ற மீனை நீங்கள் பார்த்திருக்கலாம். அதை முதன்முதலில் உலகுக்கு அறிவித்தவர் இவரே. அப்போது சென்னை ஆளுநராயிருந்த டெனிசனின் பெயரை 1865இல் அதற்குச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் அம்மீன் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு முயற்சியும் செய்தார். சால்மனின் நெருங்கிய உறவினமான ட்ரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க நினைத்து, இங்கிலாந்திலிருந்து முட்டைகளை வரவழைத்தார். பனிக்கட்டி போன்ற குளிர்நீரில் பொரிய வேண்டிய முட்டைகள் வெப்பக் கடலைத் தாண்டி வந்து பிழைக்கவில்லை. முயற்சி தோற்றது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் அமைந்து அந்த மீன் நீலகிரியில் நிலைத்தது.

இனி அவருடைய வாழ்வின் பெரும்பணிக்கு வருகிறேன். அதற்கு முன் உல்லம் மீனைப் பற்றி ஓரிரு சொற்கள்.

சால்மன் ஆற்றின் சரளைக்கல்லுக்கிடையே பிறக்கிறது. குஞ்சுப் பருவம் கழிந்ததும் கடலுக்குச் செல்கிறது. அங்கே வளர்ந்து பருவம் எய்தியபின், பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றையே தேடி வந்து, வெள்ளத்தை எதிர்த்து ஏறி, முட்டையிடுகிறது. நம் நாட்டு ஆறுகளில் சால்மன் இல்லை. சென்னைச் சந்தையில் இந்தியன் சால்மன் என்று விற்கும் காலா மீனுக்கும் சால்மனுக்கும் உறவு கிடையாது. ஆனால் சால்மனைப் போலவே கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வாழும் மீன் ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் உல்லம். வங்காளத்தில் இலிஷ் என்றும் ஆந்திரத்தில் புலச என்றும் போற்றப்படுவது. மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கடலை விட்டு ஆற்றில் ஏறி முட்டையிடும். கங்கையிலும் கோதாவரியிலும் மட்டுமல்ல, நம் கொள்ளிடத்திலும் காவிரியிலும் அது ஏறியது.

அந்த ஆறுகளின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணைகள் எழுந்தன. 1836இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும், 1852இல் கோதாவரியில் தவளேசுவரம் அணை, 1855இல் கிருஷ்ணாவில் பெசவாடா அணை. நெல் விளைந்தது, பஞ்சம் தணிந்தது. அணை கட்டியவர்களை மக்கள் இன்றும் வாழ்த்துகிறார்கள், அது நியாயமே. ஆனால் முட்டை சுமந்து மேலேறி வந்த மீன் அணைச்சுவரில் முட்டி நின்றது. அணைகளைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனே, இவற்றால் கடற்கரை மீன்வளம் கெடுமோ என்ற ஐயத்தை அரசுக்கு எழுதினார் என்பதைப் படித்தபோது வியந்தேன். அதை ஆராயும் பொறுப்பு 1860களின் பிற்பகுதியில் டேயிடம் வந்தது. 1871இல் அவர் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார்.

அணைகளுக்குக் கீழே உல்லம் திரண்டு நிற்பதையும், மேலே போக வழியில்லாத அந்த மீன்களை வலைபோட்டு வாரிக்கொள்வதையும் அவர் பதிவுசெய்தார். சினைமீன் அகப்பட்டால் அடுத்த ஆண்டின் மீனும் சேர்ந்தே அகப்பட்டது என்றுதானே பொருள்! அணையை இடிக்கச் சொல்லவில்லை அவர். மீன் ஏறிப்போக அணையில் ஒரு வழி விடுங்கள் என்றே கேட்டார்.

அணையோடு அவர் நிற்கவில்லை. மாவட்டந்தோறும் கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பினார். உங்கள் பகுதியில் மீன் குறைந்திருக்கிறதா? வலைக்கண்ணின் மிகச்சிறிய அளவு என்ன? குஞ்சுமீன் சந்தைக்கு வருகிறதா? நீரில் நஞ்சு கலந்து பிடிக்கிறார்களா? மக்களில் எத்தனை பேர் மீன் உண்பவர்? இப்படிப்பட்ட கேள்விகள். வந்த விடைகளையெல்லாம் தொகுத்து 1873இல் நன்னீர் மீன்வள அறிக்கையை வெளியிட்டார். ஓர் ஆற்றின் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப்பற்றிக் கேட்டறிந்து எழுதி வைக்க வேண்டும் என்ற வழக்கம் அதனால் இந்நாட்டில் ஊன்றியது. கடல் மீன்வளத்தைப் பற்றியும் தனி அறிக்கை தந்தார். உப்பு வரியின் சுமையால் மீனவர் கருவாடு போட முடியாமல் தவித்த காலம் அது. மீனுக்கு மலிவாக உப்புக் கிடைக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். பின்னர் சென்னை மாகாணக் கடற்கரையில் வரியில்லா உப்புத் தரும் மீன் உப்பிடும் நிலையங்கள் ஏற்பட்டன.

இவர் குறையே இல்லாதவர் என்று நான் எழுத மாட்டேன். ஆட்சி செய்தவர்களின் அதிகாரி அவர். மீன் குறைந்ததற்கு அணையைச் சொன்ன அதே அழுத்தத்தோடு, சிறுகண் வலை போட்ட ஏழைகளையும் சொன்னார். கட்டுப்பாடு வந்தால் அன்றாடங்காய்ச்சிகளின் பிழைப்பு என்னாகும் என்று தயங்கிய அதிகாரிகளும் அன்று இருந்தார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்தது. அதே சமயம், அளந்து பார்த்து எழுதியவரின் அறிக்கை அலமாரியில் தூங்கியதும் உண்மை. ஆற்றில் நஞ்சும் வெடியும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுத்து, வலைக்கண் அளவுக்கு விதி செய்ய இடந்தந்த இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் பிறந்தது. அறிக்கை வெளிவந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. டே உயிரோடு இல்லை.

தாம் சேர்த்த அறிவையெல்லாம் திரட்டி இந்திய மீன்கள் என்ற பெருநூலை 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார். இடையில், 1877இல், பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்நூலில் உள்ள படத்தட்டுகள் மட்டும் 190க்கு மேல். ஒவ்வொரு செதிலும் எண்ணி வரைந்த படங்கள். நூல் இன்று இணையத்தில் எவரும் படிக்கும்படி கிடைக்கிறது.

ஓய்வுக்குப்பின் செல்டனம் நகரில் குடியமர்ந்த அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் உல்லத்தைப் பின்தொடர்ந்தவர் அங்கே சால்மனைப் பின்தொடர்ந்தார். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகருக்கு அருகே ஹோவிட்டன் என்ற இடத்தில் சர் ஜேம்ஸ் மெயிட்லாண்டு பெரிய மீன்பண்ணை நடத்தி வந்தார். கடலையே பாராமல் நன்னீர்க் குளத்திலேயே வளர்ந்த சால்மன்கள் அங்கே முட்டையிட்டன, அம்முட்டைகள் பொரிந்தன. அந்த ஆய்வுகளை டே உடனிருந்து கவனித்து எழுதினார். 1887இல் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சால்மன் குடும்ப மீன்களைப் பற்றி நூல் வெளியிட்டார். இடையே 1883இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பகுதியின் பொறுப்பையும் ஏற்றார்.

அவர் சேர்த்த மீன் மாதிரிகளின் கதையும் கேட்கத்தக்கது. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் தலைவர் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. எனவே இந்திய மீன்களின் பெரும்பங்கு 1883இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. கொச்சியிலும் சென்னையிலும் பிடித்த மீன்கள் பல இன்று கடல் கடந்து சிட்னியில் சீசாக்களில் இருக்கின்றன. இரண்டு அறிஞர்களின் பிணக்கால், நம் ஆற்று மீனின் முதல் மாதிரியைப் பார்க்க நம் ஆய்வாளர்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் இந்திய விலங்கினம் என்ற வரிசைக்காக 1,400க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்து இரண்டு தொகுதிகள் எழுதினார். அவை 1889இல் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூலை 10ஆம் நாள் செல்டனத்தில், புற்றுநோயால், தம் அறுபதாம் வயதில் மறைந்தார். மலபார்ப் பகுதியின் ஒரு சிறு மீனின் பேரினத்துக்கு 1971இல் டேயெல்லா என்று அவர் பெயரையே அறிஞர்கள் சூட்டினார்கள்.

அவர் கவலைப்பட்ட உல்லம் என்னவாயிற்று? 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் காவிரியில் பழையபடி வெள்ளம் வரவில்லை. உல்லமும் வெகுவாகக் குன்றிவிட்டது. கங்கையில் 1975இல் பரக்கா அணை செயற்பட்டபின், அதற்கு மேலே அலகாபாத் வரை ஏறிய உல்லம் அரிதாயிற்று. இப்போது பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உல்லத்தைப் பிடித்து, அடையாளச் சீட்டுக் கட்டி, பரக்காவுக்கு மேலே விட்டுக் கணக்கெடுக்கிறார்கள். டே கேட்ட கேள்விகளின் தொடர்ச்சியே அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் டேயின் படங்களை ஆயாவுக்குக் காட்டினேன். எழுத்து அறியாத ஆயா படத்தைப் பார்த்ததும் பெயர் சொன்னார். விரால், குரவை, தேளி, கெளுத்தி, பனையேறி என்று ஒவ்வொன்றாக வந்தது. படத்துக்கு உரிய பக்கத்தைத் திருப்பினால், அங்கே ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன! ஒவ்வொரு மீனுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் இன்னும் பல மொழிகளிலும் மக்கள் வழங்கும் பெயரைத் தேடி எழுதியிருக்கிறார் டே. கீழ்க்கட்டளையில் இன்று மிகுதியாக விற்கும் ஜிலேபி மீன் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடிப் பார்த்தபின்தான் தெரிந்தது, அந்த மீன் நம் நாட்டுக்கு 1952இல் வந்தது என்று.

உல்லத்தின் படம் வந்தபோது ஆயா கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயா பிறந்தது கீழணை இருக்கும் அணைக்கரைப் பக்கம். அந்த மீனைத் தாம் கண்டதில்லை என்றும், தம் தகப்பனார் சிறுவயதில் கண்டதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்றும் சொன்னார். ஆறு சிவந்து வரும்போது வருமாம். முள் மிகுதியாம், ஆனால் நெய் ஒழுகுமாம். பிறகு ஆயா என்னை ஒன்று கேட்டார். இவ்வளவு பேரையும் அந்த வெள்ளைக்காரருக்கு யார் சொன்னது, சொன்னவர் பெயரை எழுதியிருக்கிறாரா என்று. நான் புரட்டிய பக்கங்களில் எழுதியிருக்கவில்லை. ஆனால் சொன்னவர்கள் யாராயிருக்கும் என்று எனக்குத் தெரியும். வலை வீசியவர்களும் கூடை சுமந்தவர்களும்தாம். என் ஆயாவைப் போன்றவர்கள் சொன்ன பெயர்களை வைத்துத்தான் இலண்டனில் அச்சான அந்தப் பெரிய நூல் நிற்கிறது. மறுநாள் வகுப்பில் என் தோழியரிடம், என் ஆயா மீன் விற்றவர் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி, அடுத்த செய்முறைத் தேர்வுக்கு முன் தன்னை ஆயாவிடம் அழைத்துப் போகும்படி கேட்டாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் ஓடியது. எனக்குப் பத்து வயது. அந்த நீரிலும் சில மீன்கள் ஓட்டத்துக்கு எதிராகவே நீந்தின. எங்கள் ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இந்த நீர்வழியில் இன்று என்னென்ன மீன் இருக்கிறது? எது மேலேறுகிறது, எது நின்றுவிட்டது? வரும் மழைக்காலத்தில் கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் ஒவ்வொரு ஞாயிறும் பிடிபடும் மீனைப் பார்த்து, வகையும் எண்ணிக்கையும் குறித்துவைக்கப் போகிறேன். பேராசிரியர் இசைந்திருக்கிறார். தோழியர் மூவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் சொல்ல ஆயா வருவார்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதிவிட்டேன். மீனைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று இனி யாராவது கேட்டால், எண்ணப் போகிறேன் என்று சொல்வேன்.